பாதியில் நிறுத்திய கதை

பசுந்தாங் சந்தைக்குப் பின்தெருவில், நான்காவது மாடியில் குடியிருந்த சிவகாமசுந்தரிக்கு இரண்டு பெயர். கோவிலிலும் உறவுக்காரர்களிடத்திலும் அவள் சிவகாமி. கைப்பேசியில் தொடர்கதை படிக்கிற யாங்கோன் பெண்களுக்கு அவள் நுவே நுவே சூ. நேரில் பார்த்தால் அவர்கள் "சயாமா" என்பார்கள். டீச்சர்களையும் எழுதுகிற பெண்களையும் பர்மியர்கள் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவது வழக்கம். அவளுடைய பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க்குழாய் பார்த்தவர். அந்த வம்சத்தில் ஒருத்தி பர்மிய மொழியில் காதல்கதை எழுதிப் பிழைப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கும்போதுதான் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும்.

கல்யாணம் அமையவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு அதைப் பற்றி யாரும் கேட்பதும் நின்றுவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு தொடர்கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. அது போதாதென்று, சென்னையிலிருந்து வரும் டி.வி. நாடகங்களுக்குப் பர்மிய வசனம் போட்டுக் கொடுக்கும் வேலையும் இருந்தது. எல்லாம் கரண்டு இருக்கும் நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். கரண்டு வந்ததும் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும். ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் ஓடும், குக்கர் வைப்பார்கள், சிவகாமி மடிக்கணினியைத் திறப்பாள். அது போவதற்குள் ஒரு அத்தியாயம். சில நாள் இரண்டு. குளிப்பதைக்கூட இருட்டுக்குத் தள்ளிவிடுவாள்.

மண்டலேயில் பூமி அதிர்ந்த வருஷம் அது. அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, மழை பிடிக்கிற சமயத்தில், ஸமீரா மாடியேறி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மிங்கலா தாங்ஞுன்டில் பருப்பு மசாலாக் கடை வைத்திருந்தாள். கடையோடு கூட, இருதயக் கோளாறு உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து வைக்கிற ஒரு சின்ன உதவிக் குழுவையும் நடத்தி வந்தாள். வருஷத்துக்கொரு முறை ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, பிரியாணியும், மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்காச் சேமியாவும், தோசையும் போட்டு விற்று, அதில் வருவதை வைத்துத்தான் பிள்ளைகளின் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

"இந்த வருஷம் குடுக்கிறவங்க கையெல்லாம் மண்டலே பக்கம் போயிருச்சு புள்ள," என்றாள் ஸமீரா, மூச்சு வாங்கிக்கொண்டே. "போகத்தான் வேணும், குத்தம் சொல்லல. ஆனா நம்ம பிள்ளைங்க இதயம் காத்துக்கிட்டிருக்காதே. நீ ஒரு கதை எழுதிக் குடு. நம்ம குழுவோட ஃபேஸ்புக் பக்கத்துல போடுறேன். உன் கைக்கு அல்லா ஒரு வித்தை குடுத்திருக்கான். நீ எழுதினா கல்லும் அழும்."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு ஸமீரா."

"தெரியும். சும்மா இருக்கிறவகிட்ட கேட்டா நாளைக்கும்பா. உன்கிட்ட கேட்டாத்தான் இன்னைக்கு நடக்கும்."

சிவகாமி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஸமீரா இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகாமி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸமீரா சொன்ன பிள்ளையின் பெயர் கலா, வயது பதினொன்று. கலா என்று சொன்னால் பர்மியப் பிள்ளைகள் காதில் அது இந்தியர்களைக் கேலி செய்கிற வார்த்தையாக விழும் என்பதால் பள்ளியில் அவள் பெயர் நின் ஏ. பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. பரிசோதனைகளுக்காகச் சேர்த்திருந்தார்கள். மெலிந்த பிள்ளை. உதடும் நகமும் நாவல்பழம் தின்றது போல இருந்தன. அம்மா சாந்தி ஷ்வேப்யிதாவில் ஒரு சட்டை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அப்பா கோ ஸோ பர்மியர். தாய்லாந்துக்குப் போனவரிடமிருந்து ரொம்ப நாளாகத் தகவல் இல்லை.

சிவகாமியைப் பார்த்ததும் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் நுவே நுவே சூவா? நெசமாவா? அம்மாக்கு வேகமா படிக்க வராது. உங்க கதைய நாந்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

"நல்லா இருக்கா கதை?"

"நல்லாத்தான் இருக்கும். ஆனா நல்ல எடம் வந்ததும் நிறுத்திப்புடுறீங்க. அம்மாக்கு அன்னைக்குத் தூக்கமே வராது."

சாந்தி வெட்கப்பட்டுக்கொண்டு பிள்ளையின் தலையில் செல்லமாகத் தட்டினாள். அந்த இரண்டு பேரையும் பார்க்க, தாயும் மகளும் என்பதைவிட ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு சிநேகிதிகள் மாதிரித்தான் இருந்தது.

பிறகு சாந்தியும் சிவகாமியும் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்களைப் பேச வைப்பது சிவகாமிக்குக் கைவந்த கலை. கேள்வி கேட்க மாட்டாள். காத்திருப்பாள். பிள்ளை பிறந்தபோது நீலம் பாரித்துக் கிடந்தது, மாமியார் "இது தங்காது" என்றது எல்லாம் சொல்லிக்கொண்டே வந்த சாந்தி ஓரிடத்தில் நின்றாள். இடுப்பில் சுற்றியிருந்த லொஞ்சியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா? யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. கையில ஒண்ணும் இல்ல. பிள்ளையத் துணியில சுத்தி, பெண் சாமியார் மடத்து வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன். அங்க இருந்தாவது பிழைக்கட்டும்னு. பஸ் நிக்கிற எடம் வரைக்கும் நடந்தேன். பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். அடுத்த நிறுத்தத்துல என்னமோ ஆயிருச்சு எனக்கு, இறங்கி ஓடி வந்தேன். அதே எடத்துல கெடந்தா. அழக்கூட இல்ல."

சிவகாமியின் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண் நிறைந்த அதே நேரத்தில், இதுதான் கதை என்று அவள் மனசின் இன்னொரு மூலையில் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவள் முப்பது வருஷமாக அறிவாள்.

"இதை எழுதலாமா சாந்தி? பேரை மாத்திடுறேன்."

சாந்தி ரொம்ப யோசித்தாள். "எழுதினதும் முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா? கேட்டுட்டுச் சொல்றேன்."

"கண்டிப்பா."

அந்த வாரம் சிவகாமிக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு தொடர்கதையில் கதாநாயகியின் கல்யாணம் நின்றுபோகிற கட்டம். வாசகிகள் வரிசையாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னை நாடகம் நான்கு பகுதி பாக்கி. புதன்கிழமை காலையில் கரண்டு வந்தபோது ஸமீரா போன் செய்தாள். "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டாத்தான் மண்டபத்து விருந்துக்கு டிக்கெட் ஓடும். ஒண்ணுமே விக்கல சிவகாமி."

தொடர்கதையை முடித்துவிட்டு, மிச்சமிருந்த கரண்டில் அவள் கலாவின் கதையைத் தொடங்கினாள். கை தானாக ஓடியது. மழை, துணி, மடத்து வாசல், பஸ் நிறுத்தம். திரும்பி ஓடி வந்ததை எழுதப்போகும்போது மணியைப் பார்த்தால் கரண்டு போகிற வேளை, மடிக்கணினியில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டிருந்தது. மீதியை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். அதோடு, நிறுத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதும் அவள் கைக்குத் தெரியும். 'பஸ் வந்தது. அவள் ஏறினாள்.' அத்தோடு நிறுத்தி, முதல் பாகம் என்று போட்டாள்.

சாந்திக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள். பிறகு, இரண்டு பாகத்தையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டிக்கொள்ளலாம், பெயரைத்தான் மாற்றியாயிற்றே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு அனுப்பிவிட்டாள். அனுப்பி முடித்ததும் மின்விசிறி நின்றது.

பெயரை அவள் மாற்றித்தான் இருந்தாள். ஆனால் படம் இல்லாவிட்டால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று, ஸமீராவின் குழுவில் யாரோ கலாவின் படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஸமீராவின் குரலில் மழை விட்ட வெயில். "டிக்கெட் எல்லாம் போயிருச்சு புள்ள! சிங்கப்பூர்லேர்ந்து, பாங்காக்லேர்ந்தெல்லாம் அனுப்புறாங்க. திரும்பி வந்தாளா இல்லையான்னு ஒவ்வொருத்தரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டாவது பாகத்தைச் சீக்கிரம் குடு."

சிவகாமி சந்தோஷத்தில் இட்லி அவித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலிலேயே சாந்தி நின்றிருந்தாள். தொழிற்சாலைக்குப் போகவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பகல் வேளையில் பிள்ளைக்குத் துணையிருக்கும் சாந்தியின் அக்கா தைலம்மாள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவளைப் பாராமல் குனிந்துகொண்டாள். கலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கலா, இட்லி கொண்டாந்தேன்."

பிள்ளை திரும்பவில்லை.

சாந்தி சிவகாமியை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பக்கத்துக் கட்டில் பையனோட அக்கா, 'இது நீதானே, பெரிய எழுத்தாளர் உன்னப் பத்தி எழுதியிருக்காங்க'ன்னு போனைக் கையில குடுத்திருக்கு. நல்ல மனசுலதான் குடுத்திருக்கு. இவ முழுக்கப் படிச்சிருக்கா. எங்க அக்காவுக்கு என்ன ஏதுன்னு தெரியல. சாயங்காலம் நான் வந்ததும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

"என்ன கேட்டா?"

"'பஸ்ல நின்னுக்கிட்டுப் போனியா, உக்காந்து போனியா'ன்னு கேட்டா."

சிவகாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"எடம் கெடச்சுச்சு, உக்காந்தேன்னு சொன்னேன். அவகிட்ட நான் பொய் சொன்னதில்லக்கா. இத மட்டும்தான் சொல்லாம வச்சிருந்தேன்."

"நான் மீதியை எழுதல சாந்தி. கரண்டு போயிடும்னு... நீ ஓடி வந்ததை இன்னைக்கு எழுதுறேன். அதைப் படிச்சா..."

"ஓடி வந்ததத்தான் அவகிட்ட நேத்தே சொல்லிட்டேனே. வராமலா அவ என் கூட இருக்கா? அது அவளுக்குத் தெரியாதா?" சாந்தி முந்தானை போல மேலே போட்டிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாசிச்சுக் காட்டுறேன்னு சொன்னீங்க."

பதிவை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள் சிவகாமி.

"எடுத்தா ஏமாத்துன்னு சொல்வாங்களாம். கொஞ்சம் முன்னாடிதான் ஸமீராக்காகிட்ட கேட்டேன். காசு நின்னுபோனா ஆபரேஷன் நின்னுபோகும்." சாந்தி வார்டுப் பக்கம் திரும்பினாள். "போடுங்க. மீதியையும் போடுங்க. நான் எறங்கி வந்தேன்ங்கறதாவது ஊருக்குத் தெரியட்டும்."

அன்றைக்குச் சிவகாமி எழுதிய இரண்டாம் பாகம் சின்னது. வேறு எந்தக் கதைக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. கரண்டு வந்து போய் மறுபடி வந்தது. சாந்திக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் ஆஸ்பத்திரி வாசலின் இரைச்சல் கேட்டது. "சரி," என்றாள் சாந்தி.

மண்டபத்து விருந்து அமோகமாக நடந்தது. நுவே நுவே சூவைப் பார்க்கவென்றே பெண்கள் வந்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டு மல்லிகை மாலை போட்டார்கள். பர்மியர்கள் "தாது, தாது, தாது" என்று நல்வாக்குச் சொன்னார்கள். ஒரு கிழவி அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உனக்குத்தான் அம்மா புண்ணியம்" என்றாள். சிவகாமி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ஸமீரா மட்டும் கண்டுகொண்டாள். கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போய், "அழறதுன்னா இங்க அழுதுட்டு வா," என்றாள். "படத்தப் போட்டது எங்க குத்தமும்தான். ஆனா பிள்ளை பொழைக்கும்ல? அத நெனச்சுக்க." சிவகாமிக்கு அழுகை வரவில்லை. கல்லையும் அழ வைக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கலாவின் உதடு இளஞ்சிவப்பானது. டாக்டர்களே சந்தோஷப்பட்டார்கள்.

மழைக்காலம் முழுவதும் சிவகாமி தொடர்கதை எழுதிக்கொண்டுதான் இருந்தாள். எழுதாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது. ஆனால் அத்தியாயங்கள் வேண்டாத இடத்திலெல்லாம் முடிந்தன. கதாநாயகி வாசல்படியில் நிற்கும்போது நிறுத்த வேண்டியதை, அவள் உள்ளே போய், கால் கழுவி, சாப்பிட உட்காருகிற வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் தொடர்கதையைக் கைப்பேசியில் வெளியிடும் பத்திரிகைக்காரர் ஆசிக் மரியாதையாகத்தான் கேட்டார்: "சயாமாவுக்கு உடம்பு சரியில்லையா? அடுத்தது என்னன்னு கேட்டு இப்பெல்லாம் யாரும் எழுதறதில்லையே." சரியாகிவிடும் என்றாள்.

தீபாவளி கழிந்து அவள் ஷ்வேப்யிதாவுக்குப் பஸ் ஏறினாள். தொழிற்சாலைகளைத் தாண்டி, மூங்கில் தடுப்பு வைத்த வரிசை வீடுகளில் ஒன்று. சாந்தி, ஊறவைத்த தேயிலையைக் கடலையோடு பிசைந்த கலவையும் வெறுந்தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் பள்ளிக்கூடப் பை எதுவும் கண்ணில் படவில்லை.

"கலா எங்க?"

"மிங்கலா தாங்ஞுன்ட்ல. அக்கா வீட்டுல. அங்கேர்ந்து பள்ளிக்கூடம் போறா." சாந்தி தரையைப் பார்த்தாள். "இங்க பிள்ளைங்க கேக்குதுங்களாம், உன்னத்தான் விட்டுட்டுப் போனாங்களான்னு. ஆனா அதுக்காக மட்டும் போகல. அவளே கேட்டா, பெரியம்மா வீட்டுல இருக்கட்டுமான்னு. எப்படி வேண்டாங்கறது? அடைச்சு வைக்கவா முடியும்?"

"பேசுறாளா?"

"பேசாம என்ன. லீவு அன்னைக்குப் போனாப் பேசுவா. சாப்பிட்டியான்னு கேப்பா. மரியாதையாப் பேசுறாக்கா. விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி."

சிவகாமி கையில் எடுத்த தேநீரைக் கீழே வைத்தாள். "சாந்தி, நான் எப்படிக் கேக்கறதுன்னே தெரியல..."

"நீங்க எழுதினதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல," என்றாள் சாந்தி. "பொய்யா இருந்தா உங்களத் திட்டிட்டாவது ஆறியிருப்பேன். உயிரோட இருக்கா. அது போதும்னு சொல்லணும். தெனம் சாமி கிட்ட சொல்றேன்." தேநீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. ஆறிப்போகுது."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. சிவகாமி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பசுந்தாங் வரைக்கும் நின்றே வந்தாள்.

குளிர்காலம் வந்ததும் ஸமீரா அடுத்த பிள்ளைக்காக வந்தாள். இந்த முறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் நிலையத்துப் பக்கம் மூட்டை தூக்குகிற பழனியப்பனின் மகள் பவானி, ஒன்பது வயது. தாய் இல்லை. சிவகாமி எழுதிக் கொடுத்தாள். பெயர்கூட இல்லாமல் வயது, நோய், தகப்பனுடைய தொழில், செய்ய வேண்டிய உதவி. நாலு வரி. படம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பதிவு போட்ட சுவடே தெரியவில்லை, காசும் வரவில்லை.

ஒரு வாரம் போன பிறகு பழனியப்பன் மகளையும் கூட்டிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார். பிள்ளையைத் தோளில் தூக்கி வந்திருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எழுதின மாதிரி எழுதுங்க சயாமா. படிச்சா அழுகை வரணும். எங்கிட்டயும் சொல்றதுக்கு நெறைய இருக்கு. இவ அம்மா செத்தது, நான் குடிச்சது, கோவில் வாசல்ல கையேந்தினது, எல்லாம் சொல்றேன். எல்லாத்தையும் போடுங்க. எனக்கு மானம் மரியாதை ஒண்ணும் வேண்டாம்."

சிவகாமி பிள்ளையைப் பார்த்தாள். "பவானி, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள்.

"அப்ப நீயும் இங்க வந்து உக்காரு."

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, சிவகாமி ஒவ்வொன்றையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு எழுதினாள். குடித்ததைப் போட வேண்டாம் என்றாள் பவானி. கையேந்தினதையும் வேண்டாம் என்றாள். பழனியப்பன், "போடட்டும்டா கண்ணு, போட்டாத்தான் உனக்கு நல்லாவும்" என்று கெஞ்சினார். பிள்ளை அழத் தொடங்கியதும் அவரும் நிறுத்திக்கொண்டார். தன்னால் மாடி ஏற முடியாது, அப்பாதான் தூக்குவார் என்பதைப் போடலாம் என்றாள் பவானி. அதைப் போட்டார்கள். இடையில் கரண்டு போயிற்று. சிவகாமி ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப் போட்டு, கடைசி வரி வரைக்கும் கையால் எழுதி, இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினாள். அன்றைக்குத் தர வேண்டிய அத்தியாயத்தைத் தரவில்லை. ஆசிக் மூன்று முறை கூப்பிட்டார்.

அந்தப் பதிவுக்குக் கொஞ்சம் வந்தது. கலாவுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. அடுத்த வருஷத்து விருந்து வந்தபோது பவானிக்கு இன்னும் நாள் குறித்தபாடில்லை. தான் செய்தது சரியா என்று சிவகாமிக்குத் தெரியவில்லை. ஸமீராவிடம் கேட்டாள். "எனக்கும் தெரியல புள்ள. ரெண்டுலயும் ஒரு பிள்ளை வலிய அனுபவிக்குது," என்றாள் அவள்.

விருந்தன்று காலையில் சிவகாமி மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக் கொல்லையில் வெங்காயம் உரிக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சாந்தி வந்தாள். ஆபரேஷன் ஆன பிள்ளைகளின் தாய்மார்கள் விருந்துக்கு வந்து வேலை செய்து கொடுப்பது அந்தக் குழுவில் வழக்கம். சாந்தி அவளைப் பார்த்தாள். வேறிடம் இருந்தும் போகாமல், எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

இருவரும் ஆளுக்கொரு கத்தியோடு வெட்டத் தொடங்கினார்கள்.

"கலா?" என்று கேட்டாள் சிவகாமி.

"என் தோள் உசரம் வந்துட்டா," என்றாள் சாந்தி. "ஓடுறா. ஓட்டப் பந்தயத்துல சேர்ந்திருக்காளாம். அக்கா சொன்னா."

"நீ பாக்கப் போகலையா?"

"போன வாரம்தான் பந்தயம் நடந்துச்சு. அவ வரச் சொல்லல."

வெங்காயக் காரம் எல்லோர் கண்ணையும் எரித்துக்கொண்டிருந்தது. சாந்தி புறங்கையால் துடைத்துக்கொண்டு, வெட்டினதைக் கூடையில் தள்ளிவிட்டு, அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.